முட்டை வாங்கியும் பாஸ்!

இன்ஜினீயரிங் காலேஜில் 'முட்டை'ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இன்டர்னல் பேப்பரில் சிவப்பு மையில் வட்டமா ஒண்ணு போட்டுத் தருவாங்களே, அதேதான்! ஆனா, இந்த வாரம் நான் சொல்லப்போறது நிஜ முட்டை பற்றி. அக்மார்க் நாமக்கல் முட்டை. அதை ஏர் ஃப்ரையருக்குள் உருட்டிவிட்டு, அமெரிக்காக்காரர்களின் 'டெவில்டு எக்ஸ்' செய்த கதை.

"போயும் போயும் முட்டை அவிக்கிறதுக்கு ஒரு கட்டுரையா?"ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். இந்த முட்டைக்குப் பின்னாடி ஒரு பொண்ணோட பசி இருக்கு.

டாப்பருக்கு வந்த அரியர்

தாம்பரம் பக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் நாங்க நாலு பேர். ஊர்ப் பேரையே பட்டப்பேராக வைத்துக்கொண்ட நாமக்கல், மார்த்தாண்டம். ட்ரிபிள் ஈ படிக்கும் நான். நாலாவது ஆள், பயோடெக். அவளுக்கு ஊர்ப் பேர் தேவைப்படவில்லை. 'டாப்பர்' என்றால் எங்க காலேஜ் வாட்ச்மேனுக்கே தெரியும்.

ரெண்டாவது வருஷம், மைக்ரோபயாலஜி பிராக்டிகலுக்கு முந்தின நாள் ராத்திரி. படித்துக் களைத்துப்போய் வெளியே ஒரு கடையில் ஷவர்மா வாங்கினோம். வழிய வழிய மயோனைஸ். மூணு பேருக்கு ஒண்ணும் ஆகவில்லை. டாப்பர் மட்டும் விடிகாலை நாலு மணிக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தவள், மூணு நாள் டிரிப்ஸில் கிடந்தாள். "ஃபுட் பாய்சன்" என்றார் டாக்டர். கிருமிகளைப் பற்றிப் பரீட்சை எழுத வேண்டியவளை, கிருமியே படுக்கப்போட்டுவிட்டது. பிராக்டிகலுக்கு அப்சென்ட். டாப்பர் வாழ்க்கையின் முதல் அரியர்!

காரணம் அந்த மயோனைஸ்தான் என்று எந்த லேபும் நிரூபிக்கவில்லை. ஆனா, அவ மனசு தீர்ப்பு எழுதிடுச்சு. அரியரை அடுத்த செமஸ்டரிலேயே அசால்ட்டா க்ளியர் பண்ணினவளால், சாப்பாட்டை மட்டும் க்ளியர் பண்ண முடியவில்லை. மயோனைஸ் போனது. அப்புறம் முட்டை போனது. அப்புறம், 'கண் முன்னாடி செய்யாத எதுவும் வேண்டாம்' என்றாகி, கடைசியில் தயிர் சாதமும் பிஸ்கட்டும்தான். கல்ச்சுரல்ஸ் ட்ரீட்டுக்குப் போனால், நாங்க வெளுத்துக் கட்டுவோம். அவள் தண்ணீர் பாட்டிலின் சீலை மூணு தடவை பார்ப்பாள். "எம் பொண்ணு ஒழுங்கா சாப்பிடறாளாம்மா?"ன்னு அவங்க அம்மா எனக்குத் தனியா போன் பண்ணும்போது, "சாப்பிடறா ஆன்ட்டி"ன்னு பொய் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அமெரிக்காவிலிருந்து ஒரு போட்டோ

மார்த்தாண்டத்தின் அக்கா அமெரிக்காவில் நர்ஸ். ஈஸ்டருக்கு அவங்க அனுப்பின போட்டோவில் ஒரு தட்டு. முட்டை படுப்பதற்கென்றே குழி குழியாகச் செய்த தட்டு. அதில் பாதியாக வெட்டிய முட்டைகள். நடுவில் பூ மாதிரி சுழித்த மஞ்சள். மேலே சிவப்புப் பொடி. டாப்பர் போனை வாங்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"அழகாத்தான்டி இருக்கு... ஆனா உள்ளே மயோனைஸ் இருக்குமே!"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அந்த முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு முட்டையைப் பார்த்து 'அழகு' என்கிறாள். விடலாமா?

அவள் பயத்தை நீங்க சும்மா பிரமைன்னு சிரிச்சுடாதீங்க. பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. மயோனைஸ் என்பது பச்சை மஞ்சள் கருவும் எண்ணெயும் அடித்துச் செய்வது, அடுப்பையே பார்க்காது. அதனால்தான் கேரளாவில் 2023 ஜனவரியிலும், தெலங்கானாவில் 2024 அக்டோபரிலும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டார்கள். நம்ம தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குத் தடை வந்தது. மூணு மாநில அரசுகள் பயந்த விஷயத்துக்கு எங்க டாப்பர் பயந்தா தப்பா?

பேய்க்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

'டெவில்'ன்னதும் பயப்படாதீங்க. 1700-களின் கடைசியில், காரசாரமாக மசாலா போட்ட அயிட்டத்தை இங்கிலாந்தில் 'டெவில்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நாக்கில் நெருப்பு வைக்குதில்ல, அதனால! இலங்கையில் சிக்கனையும் இறாலையும் காரமாகப் புரட்டி 'டெவில்' என்கிறார்கள். கொல்கத்தாவில் அவிச்ச முட்டையைக் கொத்துக்கறிக்குள் பொதிந்து பொரித்தால் அதுவும் 'டெவில்'தான். அமெரிக்காவில் சர்ச் விருந்துகளில் பேய்ப் பெயர் வேண்டாமே என்று சில ஊர்களில் 'ஸ்டஃப்டு எக்ஸ்' என்று நாசூக்காக மாற்றிக்கொண்டார்கள்.

அயிட்டம் அதைவிடப் பழசு. ரோமானியர்கள் விருந்தையே முட்டையில்தான் ஆரம்பிப்பார்களாம். 13-ம் நூற்றாண்டின் ஆண்டலூசிய சமையல் நூல் ஒன்றில், அவிச்ச மஞ்சள் கருவோடு கொத்தமல்லி, மிளகு, வெங்காயச் சாறு சேர்த்துப் பிசைந்து வெள்ளைக்குள் திரும்ப அடைக்கச் சொல்கிறது. கவனிச்சீங்களா? அந்தப் பட்டியலில் மயோனைஸே இல்லை! அமெரிக்க வீடுகளில் அது ஒட்டிக்கொண்டதெல்லாம் பிற்காலத்தில்தான். இதை டாப்பரிடம் சொன்னபோது முதல் விக்கெட் விழுந்தது.

"அப்போ மயோனைஸ் இல்லாமலும் அது டெவில்டு எக்தானா?"

"சத்தியமா!"

"சரி. ஆனா ஒவ்வொரு ஸ்டெப்பும் நான் பார்ப்பேன். நோட்ல எழுதுவேன்."

பழைய அப்சர்வேஷன் நோட்டை எடுத்தாள். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அட்டவணை, முடிவு என்று தலைப்புகள் போட்டாள். வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே லேப் எக்ஸாம் முட்டை... ஐ மீன், முட்டைக்கான ஒரே லேப் எக்ஸாம்!

ஒரு முட்டைக்கு ஆறரை ஆம்பியர்

எங்க போர்ஷனில் கேஸ் கிடையாது. நாமக்கல்லோட அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு ஏர் ஃப்ரையர் கிஃப்ட்டாக வந்ததில், ஒன்று எங்களுக்கு அகதியாக வந்து சேர்ந்திருந்தது. 2010-ல் பெர்லின் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்திய சமாச்சாரம் இது. பெயரில் 'ஃப்ரை' இருந்தாலும் இது பொரிக்கிற சட்டி இல்லை. மேலே ஒரு ஹீட்டர் காயில், அதற்கு மேலே ஒரு ஃபேன். சூடான காற்றைச் சுழற்றியடிக்கிற குட்டி அவன். அவ்வளவுதான் ரகசியம்!

முதல் நாளே பல்பு. ஹாலில் இருந்த சின்ன பிளக்கில் சொருகி ஆன் பண்ணினேன். அதே லைனில் மார்த்தாண்டம் சுடிதாருக்கு அயர்ன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் 'டப்'! மொத்த போர்ஷனும் இருட்டு. கீழே இருந்து ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியின் குரல்: "மேல என்னம்மா பண்றீங்க?"

ட்ரிபிள் ஈ ஸ்டூடன்ட் செய்யற வேலையா இது? கணக்கைப் பாருங்க. எங்க மெஷின் 1500 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். சின்ன பிளக் தாங்குவது 6 ஆம்பியர்தான். வாஷிங் மெஷினுக்காக வைத்திருந்த 16 ஆம்பியர் பெரிய பிளக்குக்கு மாறினோம். உங்க ரூமில் பெரிய பிளக் இல்லையா? ப்ளீஸ், இந்த விஷப்பரீட்சை வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஐடியாவே கூடாது. கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். கால் மணி நேரத்துக்கு அதிகபட்சம் 0.375 யூனிட்தான்.

பச்சை வளையமும் நாமக்கல் ஞானமும்

'சூடு அதிகமானா சீக்கிரம் வேகும்' என்ற மேதாவித்தனத்தில், ஆறு முட்டையை வைத்து 160 டிகிரி, 20 நிமிஷம் கொடுத்தோம். ரெண்டு முட்டை உள்ளேயே விரிசல் விட்டது. ஓட்டில் பழுப்புப் புள்ளிகள். வெட்டிப் பார்த்தால், வெள்ளை ரப்பர் மாதிரி. மஞ்சளைச் சுற்றி அழுக்குப் பச்சையில் ஒரு வளையம். டாப்பர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

நல்லவேளை, பச்சைக்கான விளக்கம் அவளிடமே இருந்தது. வெள்ளைக் கருவில் கந்தகம், மஞ்சள் கருவில் இரும்பு. ரொம்ப நேரம் சூடு பட்டால் ரெண்டும் கைகோத்து இரும்பு சல்ஃபைடு ஆகிவிடும். சாப்பிட்டால் ஆபத்தில்லை, பார்க்கத்தான் சகிக்காது.

அதைவிடக் கொடுமை உரிக்கிறது. ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து, நிலாவில் பள்ளம் விழுந்த மாதிரி ஆனது. நாமக்கல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நேத்து வந்த முட்டையை இன்னிக்கு அவிச்சா இப்படித்தான். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல தூங்கவிடுங்கடி!"

அவங்க வீட்டில் கோழிப்பண்ணை. அனுபவ ஞானம்! காரணம் கெமிஸ்ட்ரியில் இருக்கு. புது முட்டையின் வெள்ளைக்குள் கார்பன் டை ஆக்ஸைடு அதிகம். நாளாக நாளாக அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறும். வெள்ளை காரத்தன்மைக்கு மாறும். உள்தோலோடு ஒட்டுகிற பிடி தளரும்.

டாப்பரின் அட்டவணை

ஒரு வாரம் கழித்து, அடுத்த ஞாயிறு. இந்த முறை 130 டிகிரி. டாப்பர் ஒரு கிச்சன் தெர்மாமீட்டரே வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு முட்டையாக வெளியே எடுத்து, ஓட்டோடு குத்தி, நட்டநடு மஞ்சளின் சூட்டை அளந்தாள்.

12 நிமிஷம்: 64 டிகிரி. மஞ்சள் ஜாம் மாதிரி. 'ஃபெயில்'.

14 நிமிஷம்: 72 டிகிரி. நடுவில் லேசான ஈரம். 'ஜஸ்ட் பாஸ்'.

16 நிமிஷம்: 79 டிகிரி. முழுசா வெந்து, பொலபொலன்னு, பச்சை இல்லாமல். 'டிஸ்டிங்ஷன்'!

முட்டை அயிட்டங்கள் 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் அளவுகோல். அந்தச் சூட்டில் சால்மோனெல்லா தாக்குப்பிடிக்காது. 79 என்று எழுதிவிட்டு அதன் கீழே ரெண்டு கோடு போட்டாள் டாப்பர். "பயப்படாதே, பயப்படாதே"ன்னு நாங்க ஒரு வருஷமா சொன்னது செய்யாத வேலையை அந்த ஒரு நம்பர் செய்தது.

உங்க மெஷின் வேற மாதிரி இருக்கலாம். அதனால முதலில் ஒரே ஒரு முட்டையை வைத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே அடுக்காக வைக்கணும். வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் 10 நிமிஷம் கட்டாயம். இல்லாட்டி உள்ளே இருக்கிற சூட்டிலேயே மேலும் வெந்து, பச்சை வளையம் 'நான் இருக்கேன்'னு வந்து நிற்கும்.

மெஹந்தி கோனில் மஞ்சள்

அமெரிக்க வழக்கப்படி மஞ்சள் கருவோடு சேர்ப்பது மயோனைஸ், கடுகு சாஸ், வினிகர், உப்பு, மிளகு. மேலே பாப்ரிகா என்கிற சிவப்பு மிளகாய்ப் பொடி. நாங்க மயோனைஸுக்கு கெட்-அவுட் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தயிரை உட்காரவைத்தோம். டாப்பரின் ஆஸ்தான உணவாச்சே!

6 முட்டைக்கு எங்க ஃபார்முலா: துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் வடியவிட்ட கெட்டித் தயிர் 3 டேபிள் ஸ்பூன், இளகின வெண்ணெய் 1 டேபிள் ஸ்பூன், கடுகு சாஸ் 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு தேவைக்கு. தயிரை வடிக்காமல் போட்டால் கலவை ரசமாக ஓடும். அதையும் அனுபவப்பட்டாச்சு!

முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் ஈஷிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில் அவிச்ச முட்டை விற்கிறவர் நூலால் சர்ரென்று ரெண்டாக்கி, மிளகுத்தூள் தூவித் தருவாரே... அந்த டெக்னிக்தான் பெஸ்ட். மஞ்சளைத் தனியே எடுத்து, ஒரு கட்டிகூட இல்லாமல் மசித்து, மற்றதைக் கலந்தோம். அடைப்பதற்கு மெஷின் எல்லாம் வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஓரத்தைக் கத்தரித்தால் மெஹந்தி கோன் ரெடி. மார்த்தாண்டம் கல்யாணங்களில் மருதாணி போட்ட கை. போட்டோவில் பார்த்த அதே பூ, பன்னிரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் பூத்தது. மேலே கொஞ்சம் காஷ்மீரி மிளகாய்த் தூள்.

'நம்ம டச்' இருக்கட்டுமேன்னு கறிவேப்பிலையை மொறுமொறுப்பாக்க ஏர் ஃப்ரையரில் போட்டேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஹீட்டர் காயிலில் ஒட்டவைத்தது. கருகல் வாசனை! லேசான எதையும் அதற்குள் சும்மா போடாதீங்க. எண்ணெயில் புரட்டி, கம்பி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தால்தான் அடங்கி இருக்கும்.

ஒரு மணி நேரம்தான்... ஜாக்கிரதை!

வேகவைத்துவிட்டால் கிருமி ஜென்மத்துக்கும் வராது என்று நினைக்காதீங்க. கை, கத்தி, தட்டு வழியே திரும்ப வரும். சமைத்த முட்டையை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு. சென்னை வெயிலில் நமக்கு எந்தக் கணக்குன்னு சொல்லணுமா? டிபன் பாக்ஸில் அடைத்துக் காலேஜுக்கு எடுத்துப்போய் மதியம் சாப்பிடுகிற ஐட்டம் இல்லை இது. அடைத்தவுடன் சாப்பிடணும், இல்லாட்டி ஃப்ரிட்ஜ்.

கடைசியா ஒரு உண்மையும் சொல்லிடறேன். வீட்டில் அடுப்பும் பாத்திரமும் இருந்தால், இதுக்காக ஏர் ஃப்ரையர் வாங்காதீங்க. காற்றைவிடத் தண்ணீர் வேகமாகச் சூட்டைக் கடத்தும். கொதிக்கிற தண்ணீரில் 11, 12 நிமிஷத்தில் வேலை முடியும். அடுப்பே இல்லாத எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் இந்த மெஷின் ஆபத்பாந்தவன். ஒரு முட்டைக்குச் சுமார் 6 கிராம் புரோட்டீன். பிஸ்கட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒருத்திக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

முடிவு: ______

அந்த ஞாயிறு மதியம், தட்டு நடுவில். நாங்க மூணு பேரும் கையை வைக்காமல் காத்திருந்தோம். டாப்பர் ஒரு பாதியை எடுத்தாள். முகர்ந்தாள். நோட்டை ஒரு தடவை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

மெல்லுகிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

"உப்பு கம்மி" என்றாள்.

அவ்வளவுதான்! மீதி பதினொன்று எங்கே போனதுன்னு தெரியாது. நோட்டை எட்டிப் பார்த்தேன். 'முடிவு' என்ற இடம் மட்டும் காலி.

"ஏன்டி எழுதலை?"

"சால்மோனெல்லா வேலையைக் காட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரைக்கும் ஆகும். இப்பவே எப்படி ரிசல்ட் எழுத முடியும்?"

டாப்பர் டாப்பர்தான்! ஆறு நாளும் நாங்கதான் நகத்தைக் கடித்தோம். திங்கள் போனது. புதன் போனது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவங்க அம்மா போன் பண்ணினாங்க. இந்தத் தடவை "சாப்பிடறா ஆன்ட்டி"ன்னு சொன்னப்போ என் குரல் எனக்கே வேற மாதிரி இருந்தது.

ஏழாவது நாள், மறுபடி ஞாயிறு. நான் எழுந்திருக்கும்போது ஏர் ஃப்ரையர் உறுமிக்கொண்டிருந்தது. பெரிய பிளக்கில்தான். 130 டிகிரி, 16 நிமிஷம். பக்கத்தில் அப்சர்வேஷன் நோட் திறந்து கிடந்தது. காலியாக இருந்த இடத்தில், அவளோட அச்சு மாதிரிக் கையெழுத்தில் ஒரே வரி.

'முடிவு: பசிக்கிறது.'